வெளியேறும் முடிவும் வெளியேற்றமும்: ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் திரும்பிய வரலாறு

தொலைதூர நாடொன்றில் தன் படையை இறக்கிவிட்ட ஓர் அரசு அந்தப் போரை முடித்துக்கொள்ளும் எண்ணத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுவதுண்டு. களத்தில் தோற்றதால் வந்தது என்பது ஒன்று. உள்நாட்டில் மக்கள் எதிர்த்தெழுந்ததால் வந்தது என்பது மற்றொன்று. வியட்நாமில் அமெரிக்காவுக்கு நேர்ந்ததைக் கண்முன் வைத்துக்கொண்டு உருவான இவ்விரு விடைகளும் 1979 முதல் 1989 வரை ஆப்கானிஸ்தானில் போரிட்ட சோவியத் ஒன்றியத்துக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சோவியத்தின் 40ஆவது படை எந்தப் பெருநகரத்தையும் எதிரியிடம் இழக்கவில்லை. மாஸ்கோவின் வீதிகளில் பெருந்திரள் ஊர்வலம் எதுவும் நடக்கவில்லை. ஆட்சியை மாற்றக்கூடிய தேர்தல் என்பதே அங்கு இல்லை. ஆயினும் அந்த அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது. தோல்வியும் தேர்தலும் இடையில் புகாததால், ஓர் அரசின் உள்ளேயே ஒரு கொள்கை எவ்வாறு தேய்ந்து இன்னொன்று எவ்வாறு முளைக்கிறது என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க இந்த நிகழ்வு இடம் தருகிறது. 1991க்குப் பிறகு வெளிவந்த அரசியல் தலைமைக்குழுவின், அதாவது கட்சியையும் அரசையும் ஒருங்கே ஆண்ட ‘பொலிட்பீரோ’வின், கூட்டக் குறிப்புகளும் தலைவர்களின் உதவியாளர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் அதற்குத் துணை நிற்கின்றன.

அக்குறிப்புகளை வரிசையாகப் படிக்கும்போது தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. இந்தப் போரைப் படைபலத்தால் வெல்ல இயலாது என்ற அறிவு மாஸ்கோவுக்குப் போர் தொடங்குவதற்கு முன்பே இருந்தது. அந்த அறிவைத் தயங்காமல் எடுத்துச் சொல்லக்கூடிய மனிதர்கள் பதவிக்கு வருவதற்கும், சொல்வதால் அரசுக்கு ஏதேனும் ஆதாயம் உண்டு என்ற நிலை பிறப்பதற்கும்தான் ஆறு ஆண்டுகள் பிடித்தன. அவை கூடிவந்த பின்பும் கடைசிப் படைவீரன் எல்லையைக் கடக்க மேலும் மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1978 ஏப்ரலில் காபூலில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின் மூலம் ஆப்கானிஸ்தான் மக்கள் ஜனநாயகக் கட்சி அதிகாரத்தைக் கைப்பற்றியது. ஒன்றையொன்று வெறுத்த கல்க், பர்ச்சம் என்னும் இரு பிரிவுகளாகப் பிளவுண்டு கிடந்த அக்கட்சி, நிலச் சீர்திருத்தம் உள்ளிட்ட திட்டங்களைக் கிராமங்களின்மீது அவசர அவசரமாகத் திணித்ததன் விளைவாக 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் பெருங்கலகம் வெடித்தது. அம்மாதம் 18ஆம் நாள் ஆப்கன் தலைவர் நூர் முகமது தராக்கியும் சோவியத் பிரதமர் அலெக்ஸி கொசிகினும் தொலைபேசியில் பேசிக்கொண்ட உரையாடல் எழுத்து வடிவில் கிடைக்கிறது. சோவியத் குடியரசுகளைச் சேர்ந்த தாஜிக், உஸ்பெக், துருக்மேன் இன வீரர்களுக்கு ஆப்கன் சீருடை அணிவித்து டாங்கிகளில் அனுப்பிவைத்தால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று தராக்கி கெஞ்ச, இதை மறைக்கவே முடியாது, இரண்டு மணி நேரத்தில் உலகம் முழுவதும் தெரிந்துவிடும் என்று கொசிகின் மறுக்கிறார். நகர மக்கள், தொழிலாளர்கள் ஆகியோரின் ஆதரவாவது அரசுக்கு இருக்கிறதா என்று கொசிகின் கேட்டதற்குத் தராக்கி தந்த பதில், மக்களிடமிருந்து செயலூக்கமுள்ள ஆதரவு இல்லை என்பதுதான். அதே நாள்களில் கூடிய தலைமைக்குழுவில் உளவுத்துறைத் தலைவர் யூரி அந்த்ரோப்பவ், அந்தப் புரட்சியைத் துப்பாக்கி முனையால் மட்டுமே காப்பாற்ற முடியும் என்றும் அது ஏற்கத்தக்கதல்ல என்றும் வாதிட்டார். வெளியுறவு அமைச்சர் அந்திரேய் கிரோமிக்கோ, படை அனுப்பினால் மேற்கு நாடுகளுடன் பாடுபட்டு வளர்த்த பதற்றத் தணிப்பு முழுவதும் வீணாகிவிடும் என்றார். ஆகவே படை அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று.

ஒன்பது மாதம் கழித்து, அதே அந்த்ரோப்பவும் அதே கிரோமிக்கோவும் பாதுகாப்பு அமைச்சர் உஸ்தீனவுடன் சேர்ந்து படையெடுப்புக்கு வழிவகுத்தனர். இடையில் நடந்தது தராக்கியின் கொலை. அவரைக் கவிழ்த்த ஹஃபிசுல்லா அமீன் அமெரிக்காவின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்ற ஐயம் மாஸ்கோவில் வலுத்தது. டிசம்பர் 12ஆம் நாள் எடுக்கப்பட்ட முடிவு ஒரே ஒரு தாளில், நாட்டின் பெயரைக்கூட எழுதாமல் முதல் எழுத்தை மட்டும் தலைப்பில் குறித்து, கான்ஸ்தந்தீன் செர்னென்கோவின் கையெழுத்தில் பதிவானது. கொசிகின் அக்கூட்டத்தில் இல்லை. படைத்தலைமைத் தளபதி ஒகார்கவ் ஆட்சேபித்தும் பயன் இல்லை. டிசம்பர் 27 இரவு தாஜ்பெக் அரண்மனை தாக்கப்பட்டு அமீன் கொல்லப்பட, பர்ச்சம் பிரிவைச் சேர்ந்த பாப்ரக் கார்மல் ஆட்சியில் அமர்த்தப்பட்டார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் உள்ளே போன படை ஒரு லட்சத்தைத் தாண்டி வளர்ந்தது.

தவறு என்று தெரிந்த ஒன்றை ஓர் அரசு ஏன் தொடர்கிறது என்பதற்கு 1981 ஜூலை 30 அன்று நடந்த தலைமைக்குழுக் கூட்டம் விளக்கமாக அமைகிறது. ஆப்கானிஸ்தானில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கல்லறைக்கல் நாட்ட ஆயிரம் ரூபிள் வீதம் கொடுக்கலாம் என்று ஒரு முன்மொழிவு அப்போது வந்தது. பணம் ஒரு பொருட்டல்ல. ஆனால் கல்லில் ஆப்கானிஸ்தான் என்று பொறித்து, ஒரே இடுகாட்டில் அப்படிப் பல கற்கள் நின்றால் அது அரசியல் நோக்கில் சரியாக இராது என்று கட்சியின் கொள்கைக் காவலரான மிகயீல் சூஸ்லவ் கருத்துத் தெரிவித்தார். மரியாதையுடன் புதைக்கத்தான் வேண்டும், நினைவுச் சின்னத்துக்கு இன்னும் காலம் வரவில்லை என்று அந்த்ரோப்பவ் உடன்பட்டார். எனவே துத்தநாகப் பெட்டிகளில் வந்திறங்கிய உடல்கள் ஊருக்கொன்றாகச் சத்தமின்றி அடக்கம் செய்யப்பட்டன. சர்வதேசக் கடமையை நிறைவேற்றுகையில் இறந்தார் என்ற பொதுவாசகமே குடும்பங்களுக்குக் கிடைத்தது. பெற்றோர் தம் மகன் எங்கே, எதற்காகச் செத்தான் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லக்கூடாத நிலையில் ஒரு போரை நிறுத்துமாறு அரசுக்கு நெருக்குதல் எழ வாய்ப்பில்லை. மறைப்பு அரசுக்கு வசதியாக இருந்ததோடு, அரசையே அப்போருக்குள் பூட்டியும் வைத்தது. ஏனெனில் இல்லாத போரை நிறுத்துவதாக எவரும் அறிவிக்க இயலாது. வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய இயற்பியலாளர் அந்திரேய் சாகரவ் 1980 ஜனவரியிலேயே கோர்க்கி நகரத்துக்கு நாடு கடத்தப்பட்டதுபோல் அனுப்பப்பட்டார்.

வெளியுலகில் இந்தப் போருக்கு அன்றாடம் விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1980 ஜனவரி 14 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் அவசரக் கூட்டத்தில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் 104 நாடுகளின் ஆதரவோடும் 18 நாடுகளின் எதிர்ப்போடும் நிறைவேறியது. ஆதரித்தவற்றுள் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியம் தன் இயல்பான நண்பர்களாகக் கருதிய மூன்றாம் உலக நாடுகள். இந்தியா நடுநிலை வகித்தது. இந்திரா காந்தி மீண்டும் பதவியேற்ற அந்நாள்களில் இந்தியப் பிரதிநிதி ஆற்றிய உரை மாஸ்கோவின் விளக்கத்துக்கு மிக நெருக்கமாக ஒலித்ததாகத் தில்லியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் புறக்கணித்தன. சீனா உறவைச் சீர்செய்ய மூன்று தடைகளைச் சுட்டியபோது ஆப்கானிஸ்தானில் உள்ள சோவியத் படையும் அவற்றுள் ஒன்றாயிற்று. இவற்றை வயது முதிர்ந்த தலைவர்கள் அறியாதிருக்கவில்லை. 1982இல் ஐ.நா.வின் தூதர் தியேகோ கோர்தோவெஸ் ஜெனீவாவில் மறைமுகப் பேச்சுகளைத் தொடங்கினார்; அவ்வாண்டு இறுதியில் பொதுச் செயலாளரான அந்த்ரோப்பவ் அதில் அக்கறை காட்டினார். ஆனால் அவரும் அடுத்து வந்த செர்னென்கோவும் ஆண்ட காலம் மிகக் குறுகியது. தாங்களே கையொப்பமிட்ட முடிவைத் திருப்பி எழுதும் வேகமும் அவர்களிடம் இல்லை.

1985 மார்ச்சில் மிகயீல் கோர்பச்சேவ் பொதுச் செயலாளரானார். 1979 டிசம்பரில் அவர் தலைமைக்குழுவில் வாக்குரிமையற்ற வேட்பாளர் உறுப்பினராக மட்டுமே இருந்தார். படையெடுப்பு முடிவைத் தாம் பின்னரே அறிந்ததாகச் சொன்னவர். இந்த ஒரு விவரத்துக்கு இருந்த அரசியல் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பழைய முடிவுக்குப் பொறுப்பேற்காத ஒருவரே அம்முடிவைத் தவறென்று கூறும் துணிவைப் பெறுகிறார். அவருடைய முதல் மாதங்களில் கட்சித் தலைமைக்கும் ‘பிராவ்தா’ நாளிதழுக்கும் போரைக் குறித்துக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் தாய்மார்கள் மிகுதி. பெயரும் முகவரியும் இட்டே எழுதினார்கள், மொட்டைக் கடிதங்கள் குறைவு என்று பின்னாளில் கோர்பச்சேவின் உதவியாளராக அமைந்த அனத்தோலி செர்னியாயெவ் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். 1985 அக்டோபர் 17 தலைமைக்குழுக் கூட்டத்தில் கோர்பச்சேவ் அக்கடிதங்களுள் சிலவற்றை உரக்கப் படித்துக் காட்டினார். சில நாள்களுக்கு முன் மாஸ்கோவுக்கு வந்திருந்த கார்மலிடம் 1986 கோடைக்குள் உங்கள் புரட்சியை நீங்களே காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள், பரம்பரை வழக்கங்களையும் சமயத்தையும் மதித்து ஆதரவுத் தளத்தை விரிவாக்குங்கள் என்று தாம் சொன்னதையும் அன்று தெரிவித்தார். கார்மல் திகைத்துப்போனார் என்று அவரே கூறினார். வெளியேறும் முடிவின் பிறந்தநாள் எது என்று கேட்டால் வரலாற்றாசிரியர் பலர் இந்தத் தேதியைத்தான் காட்டுகிறார்கள்.

முடிவு எடுத்த பிறகு ஆள்களை மாற்றுவது இயல்பு. இங்கு ஆள்மாற்றம் முந்திக்கொண்டது. 28 ஆண்டு வெளியுறவு அமைச்சராக இருந்த கிரோமிக்கோவை 1985 ஜூலையில் சடங்குமுறைத் தலைவர் பதவிக்கு உயர்த்திவிட்டு, அயலுறவு அனுபவமே இல்லாத ஜார்ஜியக் கட்சிச் செயலாளர் எதுவார்த் ஷெவர்ட்நாட்ஸேயை அந்த இடத்தில் கோர்பச்சேவ் அமர்த்தினார். அனுபவம் இல்லாமை அங்கே ஒரு தகுதியாயிற்று. உஸ்தீனவ் 1984இல் இறந்திருந்தார். இதற்குப் பின்பே சொல்லாட்சி மாறத் தொடங்கியது: 1986 பிப்ரவரி 25 அன்று கட்சியின் 27ஆவது பேராயத்தில் ஆப்கானிஸ்தானை இரத்தம் கசியும் புண் என்று கோர்பச்சேவ் குறிப்பிட்டபோது, சர்வதேசக் கடமை என்ற பழைய சொற்றொடரைக் கேட்டுப் பழகிய அவைக்கு அது பெரிய விலகலாகவே பட்டது. ஜூலையில் விளாதிவஸ்தோக் உரையில் ஆறு படைப்பிரிவுகள் அவ்வாண்டே திரும்பும் என்று அறிவித்தார். அந்த உரை பெரிதும் சீனாவை நோக்கியதாகவே அமைந்திருந்தது. மேற்கு நாடுகள் அதைக் கண்துடைப்பு என்று ஒதுக்கின. படைபலத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது ஏறக்குறைய சரியே. பொதுவெளியில் திரும்பும் பயணத்தைத் தொடங்கிவைத்தது என்ற அளவில் அதன் பொருள் வேறு.

1986 நவம்பர் 13 கூட்டம் நீண்ட நேரம் நின்று பார்க்கத்தக்கது. ஆறு ஆண்டாகப் போரிடுகிறோம், அணுகுமுறையை மாற்றாவிட்டால் இன்னும் இருபது முப்பது ஆண்டு போரிட வேண்டியிருக்கும் என்று கோர்பச்சேவ் தொடங்கி, ஓரிரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என இலக்கு வைத்தார். அப்போது படைத்தலைமைத் தளபதியாக இருந்த மார்ஷல் செர்கேய் அக்ரமேயெவ் பேசியது, ஒரு போர்வீரன் தன் அரசிடம் சொல்லத் துணியக்கூடிய அதிகபட்ச உண்மை எனலாம். அந்நாட்டில் சோவியத் வீரனின் கால் படாத இடமே இல்லை, ஆனாலும் நாட்டின் பெரும்பகுதி கலகக்காரர் கையில்தான் இருக்கிறது. இட்ட எந்தப் படைப்பணியும் முடிக்கப்படாமல் விடப்பட்டதில்லை, ஆனாலும் பலன் பூஜ்ஜியம். காபூலும் மாகாணத் தலைநகரங்களும் நம் கட்டுப்பாட்டில் உள்ளன, ஆனால் கைப்பற்றிய ஊரில் அரசை நிலைநிறுத்த ஆப்கன் ஆட்சியாளரால் முடிவதில்லை. ஆப்கன் மக்களுக்கான போராட்டத்தில் நாம் தோற்றுவிட்டோம் என்பதே அவர் பேச்சின் சாரம். படை தோற்கவில்லை, கொள்கை தோற்றது என்ற அந்த வகைப்பாடு ராணுவத்தின் மானத்தையும் காத்தது, வெளியேறுவதற்கான வாசலையும் திறந்தது. தொடக்க முடிவில் பங்கெடுத்த கிரோமிக்கோவும் அன்று, நாம் உதவி தர ஒப்புக்கொண்டபோது இடையூறுகளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றார். ஏழு ஆண்டு கழித்து வந்த ஒப்புதல் அது.

அமெரிக்கா முஜாஹிதீன்களுக்கு, அதாவது சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட இஸ்லாமியக் குழுக்களுக்கு, அளித்த தோளில் தாங்கிச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைகளே சோவியத்தை விரட்டின என்ற கதை பரவலாக உள்ளது. முதல் ஸ்டிங்கர் ஜலாலாபாத் அருகே ஹெலிகாப்டர்களை வீழ்த்தியது 1986 செப்டம்பர் இறுதியில். வெளியேறும் நோக்கம் தலைமைக்குழுவில் வெளிப்பட்டது அதற்குப் பதினோரு மாதம் முன்பு. ஏவுகணைகள் போரின் விலையை உயர்த்தியது உண்மை. முடிவைப் பிறப்பித்தது அவை என்பது காலக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இழுபறி ஏன்? காரணம் மூன்று திசைகளிலிருந்து வந்தது. கூட்டாளியைக் கைவிட்டதாகப் பெயரெடுத்தால் பிற நட்பு நாடுகள் என்ன நினைக்கும் என்ற அச்சம் முதலாவது. அமெரிக்கா வியட்நாமில் பட்ட அவமானத்தை நாமும் படக்கூடாது என்று தலைமைக்குழு பலமுறை பேசிக்கொண்டது. காபூலில் தங்கள் புறப்பாட்டுக்குப் பிறகும் நிலைத்து நிற்கும் நட்பு அரசொன்றை விட்டுச்செல்ல வேண்டும் என்ற ஆசை இரண்டாவது. 1986 மே மாதம் கார்மலுக்குப் பதிலாக, ரகசியப் போலீஸின் தலைவராக இருந்த நஜிபுல்லாவைக் கொண்டுவந்ததும், 1987 ஜனவரியில் போர்நிறுத்தத்தோடு தொடங்கிய ‘தேசிய நல்லிணக்க’க் கொள்கையும் இந்த ஆசையின் விளைவுகள். எதிரிகளுக்கு ஆட்சியில் பங்கு தருவது, சமயத்துக்கு அரசியல் சட்டத்தில் இடம் தருவது, நாட்டின் பெயரிலிருந்து ‘ஜனநாயக’ என்ற சொல்லை நீக்குவது என்றெல்லாம் நஜிபுல்லா இறங்கிவந்தார். ஆனால் ஆயுதம் ஏந்தியவர்களுக்குச் சோவியத் படை போகும் நாள் கண்ணுக்குத் தெரிந்தபின் அவருடன் பேரம் பேச என்ன அவசியம்? மூன்றாவது காரணம், பேரம் பேசவேண்டிய மேசையே விசித்திரமானது. ஜெனீவாவில் பாகிஸ்தான், காபூல் அரசை ஏற்காததால் இரு தூதுக்குழுக்களும் ஒரே அறையில் அமரவில்லை. நடுவர் கோர்தோவெஸ் இரண்டுக்கும் இடையே நடந்து செய்தி சுமந்தார். இது ‘அண்மைப் பேச்சு’ எனப்படும். போரிட்ட முஜாஹிதீன்கள் அந்த மேசையிலேயே இல்லை.

பேச்சின் பெரும்பகுதி கால அட்டவணையில் சிக்கிக் கிடந்தது. வெளியேற நான்கு ஆண்டுகள் வேண்டும் என்று 1986இல் காபூல் கேட்க, பாகிஸ்தான் சில மாதங்களே தர இசைந்தது. அந்த இடைவெளி ஆண்டுதோறும் குறுகிக் குறுகி வந்தது. 1987 செப்டம்பரில் ஷெவர்ட்நாட்ஸே அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம், தாங்கள் வெளியேறப் போவது உறுதி என்று தனியே தெரிவித்தார். அமெரிக்காவுடன் அணுஆயுதக் குறைப்பு உடன்பாடு, அதனால் விடுபடும் ராணுவச் செலவு, உள்நாட்டுச் சீர்திருத்தம் ஆகிய பெருந்திட்டங்களுக்கு ஆப்கன் போர் இடையூறாக நின்றது. டிசம்பரில் வாஷிங்டனில் நடுத்தர வீச்சு ஏவுகணை உடன்படிக்கை கையொப்பமானபின் அந்த இடையூறைச் சுமக்கக் காரணம் குறைந்துபோயிற்று. ஓர் அரசு ஒரு போரைக் கைவிடுவது பெரும்பாலும் அந்தப் போரின் நிமித்தமாக இல்லை. அதைவிடப் பெரிதாகக் கருதும் இன்னொன்றின் பாதையில் அது குறுக்கே நிற்கத் தொடங்கும்போதுதான். 1988 பிப்ரவரி 8 அன்று கோர்பச்சேவ், ஒப்பந்தம் மார்ச் 15க்குள் கையொப்பமானால் மே 15 முதல் பத்து மாதங்களில் படைகள் திரும்பும் என்று அறிவித்தார்.

ஒப்பந்தம் ஏப்ரல் 14 அன்றுதான் கையொப்பமாயிற்று. ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் ஒன்றின் விவகாரத்தில் மற்றொன்று தலையிடாமை, அகதிகள் திரும்புதல், ஒன்பது மாதத்தில் படை விலகல், அதில் பாதி முதல் மூன்று மாதத்தில், அமெரிக்காவும் சோவியத்தும் உத்தரவாதம் அளித்தல் என நான்கு ஆவணங்கள் அதில் அடங்கும். கடைசி நேரத்தில் முட்டிக்கொண்ட கேள்வி, சோவியத் தன் கூட்டாளிக்கு ஆயுதம் தருவதைத் தொடருமானால் அமெரிக்காவும் தன் கூட்டாளிகளுக்குத் தரலாமா என்பது. இரு தரப்பும் தரலாம் என்று சொல்லாமல் சொல்லி முடித்தார்கள். தலையிடாமை ஒப்பந்தம் கையொப்பமான அன்றே, தலையிடுவதற்கான உரிமையும் வாய்மொழியாக ஒதுக்கிவைக்கப்பட்டது என்ற முரண்நகையை அந்த ஏற்பாட்டிலிருந்து நீக்கவே முடியாது.

மே 15 அன்று விலகல் தொடங்கியது. அம்மாதம் 25ஆம் நாள் சோவியத் ராணுவம் முதல்முறையாகத் தன் இழப்பை வெளியிட்டது: இறந்தோர் 13,310, காயமுற்றோர் 35,478, காணாமற்போனோர் 311. கல்லறைக்கல்லில் ஆப்கானிஸ்தான் என்று பொறிக்கத் தயங்கிய அரசு ஏழு ஆண்டுக்குள் அந்த எண்ணைச் செய்தித்தாளில் அச்சிட்டது. ‘கிளாஸ்நோஸ்த்’ எனப்பட்ட வெளிப்படைக் கொள்கை வந்த பிறகே போரைப் பற்றிப் பொதுமக்கள் வாய்விட்டுப் பேசினார்கள். பொதுக்கருத்தால் போர் நின்றது என்று கூறுவோர், விலகும் முடிவு இந்தத் திறப்பைவிட மூத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1989 பிப்ரவரி 15 அன்று தளபதி போரிஸ் குரோமவ் அமு தாரியா ஆற்றின்மீதுள்ள தெர்மெஸ் பாலத்தைக் கடந்து திரும்பினார். 1986 தொடங்கி அன்றுவரை இறந்த சோவியத் வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேல். ஆப்கன் மக்களில் மாண்டவர்கள் பத்து லட்சத்தை எட்டியிருக்கலாம் என்று பல மதிப்பீடுகள் கூறுகின்றன; ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளானார்கள். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் வெளியேற்றத்தின் அருமைபெருமைகள் சுருங்கிவிடுகின்றன.

சோவியத் படை போன கையோடு நஜிபுல்லா கவிழ்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1989 மார்ச்சில் முஜாஹிதீன்கள் ஜலாலாபாத்தை முற்றுகையிட்டுத் தோற்றனர். தானியம், எரிபொருள், ஆயுதம் தடையின்றி வந்தவரை அவ்வாட்சி நின்றது. 1991 செப்டம்பரில் மாஸ்கோவும் வாஷிங்டனும் 1992 ஜனவரி 1 முதல் ஆயுத உதவியை நிறுத்திக்கொள்ள உடன்பட்டன. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1992 ஏப்ரலில் நஜிபுல்லா இந்தியாவுக்குத் தப்பிச் செல்ல முயன்று விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு ஐ.நா. அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார். 1996 செப்டம்பரில் தாலிபான் காபூலுக்குள் நுழைந்ததும் அவரைக் கொன்று உடலைத் தொங்கவிட்டது. படை வெளியேறியதும் போர் முடிந்தது என்ற சொற்றொடர் சோவியத் வீடுகளுக்கு மட்டுமே பொருந்தியது.

1989 டிசம்பர் 24 அன்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவை, 1979 முடிவு அரசியல், ஒழுக்க அடிப்படையில் கண்டனத்துக்குரியது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்த முடிவை எடுத்தவர்களாக அவைக்கு அளிக்கப்பட்ட அறிக்கை பெயர் சொன்னவர்கள் நால்வர்: 1979இல் பொதுச் செயலாளராக இருந்த பிரெஷ்னேவ், உஸ்தீனவ், அந்த்ரோப்பவ், கிரோமிக்கோ. அவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த கிரோமிக்கோ அவ்வாண்டு ஜூலையில் இறந்திருந்தார். அத்தீர்மானம் நுழைவைக் கண்டித்தது. 1985 அக்டோபருக்கும் 1989 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட மூன்றேகால் ஆண்டு அதன் விசாரணைக்கு உட்படவில்லை.